உறவுமுறை மின்னஞ்சல்: தாளிலா, திரையிலா, உண்மையான முகவரிக்கா?

தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு உறவுமுறை மின்னஞ்சல், அதாவது நண்பருக்கோ உறவினருக்கோ எழுதும் மின்னஞ்சல், எழுதக் கற்பிக்க வேண்டும் என்று முடிவானதும் ஆசிரியர் முன் வந்து நிற்பது கருவி பற்றிய கேள்விதான். மின்னஞ்சல் போலவே கட்டங்கள் அச்சிட்ட பணித்தாளைக் கொடுத்துக் கையால் எழுதச் செய்யலாம்; கணினியில் பாவனையாக ஒரு மின்னஞ்சலைத் தட்டச்சு செய்யச் சொல்லலாம்; வகுப்புக்கென்று ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு உண்மையாகவே ஒருவருக்கு அனுப்பலாம்; அல்லது ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு கொடுக்கலாம். இந்த நான்கையும் எட்டு முதல் பதினொரு வயது வரையுள்ள மாணவர்களை மனத்தில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: குழந்தை எழுதுவதைப் படித்துவிட்டுப் பதில் போடும் ஒருவர் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி, எந்தக் கருவியில் எழுதுகிறது என்பது அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் விலை உயர்ந்த கணினி அறையிலும் உயிரற்ற மின்னஞ்சல்களே பிறக்கும்.

வழிகளை எடைபோடும் முன், கற்க வேண்டியது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலின் உருவத்தைக் கற்பது எளிது. பெறுநர் முகவரி, பொருள் வரி, விளிப்பு, செய்தி, முடிப்பு, பெயர் என்ற ஆறு பகுதிகளை ஒரே பாடவேளையில் காட்டிவிடலாம். அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பியபோது ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க '@' குறியைத் தேர்ந்தெடுத்தார் என்ற செய்தியைச் சொன்னால், முகவரியில் அந்தக் குறி ஏன் இருக்கிறது என்பது குழந்தைகளுக்கு உடனே விளங்கிவிடும். அதன் பிறகு முகவரிக்குள் இடைவெளி விடுவதும் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவதும் குறையும். உறவுமுறைக் கடிதம் எழுதிப் பழகிய மாணவர்கள் நாளையும் இடத்தையும் மேல்மூலையில் எழுதுவார்கள். அனுப்பியவர் யார், எந்த நாள், எந்த நேரம் என்பவற்றை மின்னஞ்சல் தானே சுமந்து செல்கிறது என்று ஒருமுறை காட்டினால் போதும். பொருள் வரியின் நிலை வேறு. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த 1982-ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே நாளும் அனுப்புநரும் கட்டாயமாக இருந்தன, பொருள் வரி விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. ஆகவே அது வெறுமையாக இருந்தாலும் அஞ்சல் போய்ச் சேரும். இயந்திரம் வற்புறுத்தாத ஒன்றை ஆசிரியர்தான் வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

கடினமான பகுதி உருவத்துக்கு அப்பால் உள்ளது. இந்த ஒருவருக்கு எதைச் சொன்னால் ஆர்வமாக இருக்கும், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேனா, அவர் பதில் எழுதுவதற்கு நான் எதையாவது கேட்டேனா என்ற நான்கு நினைவுகளும் எழுதும்போது குழந்தையின் மனத்தில் ஓட வேண்டும். கீழே நான் எழுதிக் காட்டும் இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"அன்புள்ள நண்பா, நான் நலம். நீ நலமா? எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா நடந்தது. அது மிகவும் நன்றாக இருந்தது. நான் மிகவும் மகிழ்ச்சி அடைந்தேன். இப்படிக்கு, உன் நண்பன்."

"உன் ஆமைக்குட்டி இப்போதும் தொட்டியின் மூலையிலேயேதான் இருக்கிறதா? போன முறை நீ அப்படி எழுதியிருந்தாய். எங்கள் விளையாட்டு விழாவில் நான் சாக்கு ஓட்டத்தில் விழுந்துவிட்டேன். முழங்கையில் அடி. ஆனால் எனக்குப் பின்னால் வந்தவனும் என்மேல் விழுந்ததால் நான் கடைசியாக வரவில்லை! நீ எந்தப் போட்டியில் சேர்ந்தாய்?"

முதலாவதில் எழுத்துப்பிழை இல்லை, பகுதிகள் எல்லாம் முறையாக உள்ளன, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அதை உலகில் எந்தக் குழந்தைக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இரண்டாவதை ஆமைக்குட்டி வைத்திருக்கும் அந்த ஒரு குழந்தைக்கு மட்டுமே அனுப்ப முடியும். எந்த வழியில் கற்பித்தால் மாணவர் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி நகர்வார் என்பதே இந்த ஒப்பீட்டின் அளவுகோல்.

தாளில் எழுதுவது

கணினி வசதி இல்லாத பள்ளிகளின் கடைசிப் புகலிடம் என்று பணித்தாளைப் பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எழுதும் செயலிலேயே கவனம் செலவாகிப்போகும் குழந்தைக்கு எதை எழுதுவது என்று சிந்திக்க மிச்சம் கொஞ்சமே இருக்கும். மூன்றாம் நான்காம் வகுப்பு மாணவருக்குக் கையெழுத்து ஓரளவு தானாக ஓடத் தொடங்கியிருக்கும். தட்டச்சு அப்படி ஓடுவதில்லை. தமிழில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், 'க'-வை அழுத்திப் பின் 'ஒ'-வை அழுத்தினால் 'கொ' வருவதைக் குழந்தை இலக்கணம் கற்ற முறையிலேயே புரிந்துகொள்ள முடியும். ஆயினும் விசைகளின் இடம் விரலுக்குப் பழகப் பல வாரங்கள் வேண்டும். ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையில் வேறொரு சிக்கல் உண்டு: ந, ன, ண என்பவற்றையும் ல, ள, ழ என்பவற்றையும் இப்போதுதான் பிரித்தறியத் தொடங்கியிருக்கும் ஒரு குழந்தை, மென்பொருள் முன்வைக்கும் சொற்பட்டியலில் முதலில் வந்ததையே சரியென்று ஏற்றுக்கொண்டுவிடும். எட்டு வயதில் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குப் பென்சிலே விரைவான கருவி.

வசதியிலும் தாள் எல்லோருக்கும் சமம். வீட்டில் கணினி இருப்பவரும் இல்லாதவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். அடித்துத் திருத்தியது தெரிகிறது என்பதால் குழந்தை எங்கே தயங்கியது, எதை மாற்றியது என்பதை ஆசிரியர் அந்தத் தாளிலேயே படிக்கலாம். திரையில் அழித்தால் அந்தத் தடம் மறைந்துவிடும்.

பணித்தாளின் உண்மையான குறை, 'வெளியூரில் இருக்கும் உன் நண்பனுக்கு எழுதுக' என்ற கட்டளையில் இருக்கிறது. அப்படி ஒரு நண்பன் பெரும்பாலான குழந்தைகளுக்கு இல்லை. இல்லாத ஒருவருக்கு எழுதும்போது, நான் மேலே காட்டிய முதல் மாதிரியைத் தவிர வேறு எதை எழுத முடியும்? ஆனால் இது தாளின் குற்றமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பிரிவு மாணவர்களோடு இணை சேர்த்து, எழுதிய தாள்களை ஆசிரியரே கொண்டுபோய்க் கொடுத்து, அடுத்த வாரம் பதில் வாங்கி வந்தால், அதே பணித்தாளுக்கு உண்மையான வாசகர் கிடைத்துவிடுகிறார். பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1920-களிலேயே தம் கிராமப் பள்ளி மாணவர்கள் தாங்களே எழுதி அச்சிட்டவற்றைத் தொலைவிலுள்ள இன்னொரு பள்ளி வகுப்புக்கு அனுப்பவும், அங்கிருந்து வருவதைப் படித்துப் பதில் எழுதவும் வைத்தார். மின்னஞ்சல் பிறப்பதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே, மின்னஞ்சல் பாடத்துக்கு இன்றியமையாத பகுதி வகுப்பறைக்குள் வந்துவிட்டது என்றே இதை நான் பார்க்கிறேன்.

திரையில் பாவனை

சொற்செயலியிலோ பகிர்ந்த ஆவணத்திலோ மின்னஞ்சல் சாளரம் போல ஒரு படிவம் அமைத்து, அதில் தட்டச்சு செய்து, எங்கும் அனுப்பாமல் சேமித்து வைப்பது இரண்டாவது வழி. இது பாதுகாப்பானது என்பதாலும், கணினியைப் பயன்படுத்தியதாகக் காட்டிக்கொள்ளலாம் என்பதாலும் பள்ளிகள் இதை விரும்புகின்றன. வாக்கியத்தை இடம் மாற்றலாம், நடுவில் ஒரு வரி சேர்க்கலாம், ஆசிரியர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம் என்ற நன்மைகள் உண்மையானவையே. இருந்தாலும் தனியாகப் பயன்படுத்தும்போது நான்கில் மிக வலுவற்ற வழி இதுதான் என்பது என் கருத்து. தட்டச்சுச் சுமை முழுவதும் இதில் வந்துவிடுகிறது. வாசகர் மட்டும் வருவதில்லை. எழுத்துருவையும் வண்ணத்தையும் மாற்றிப் பார்ப்பதில் பாடவேளை கரைந்துவிடும். உண்மையான அஞ்சலை அனுப்பும் முன் சாளரத்தைப் பழக்குவதற்கு ஓரிரு பாடவேளைகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டியதில்லை.

வகுப்புக்கு ஒரே கணக்கு

மூன்றாவது வழியில் கணக்கு ஆசிரியருடையது அல்லது பள்ளியுடையது. மாணவர் யாருக்கும் தனி முகவரி கிடையாது. எழுதுபவர்கள் மாணவர்கள், 'அனுப்பு' பொத்தானை அழுத்துபவர் ஆசிரியர். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, முதல் அஞ்சலை வகுப்பே சேர்ந்து எழுதுவது. 1980-களில் ஆஸ்திரேலியாவில் உருவான எழுத்துவகைக் கற்பித்தல் முறை மூன்று படிகளைச் சொல்கிறது: மாதிரி ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒன்றை எழுதுவது, பிறகு மாணவர் தாமே எழுதுவது. நேரம் போதாதபோது பல வகுப்பறைகளில் முதலில் விடுபடுவது நடுப் படிதான். மாதிரியைக் காட்டியதும் 'இதுபோல் எழுதுங்கள்' என்று சொல்லிவிடுகிறோம். குழந்தைகளும் அதுபோலவே எழுதிவிடுகிறார்கள். ஒரே கணக்கு இருக்கும்போது நடுப் படியைத் தாண்டிச் செல்ல இயலாது.

அந்தப் பாடவேளை எப்படிப் போகும் என்று சற்று விரிவாகச் சொல்கிறேன். பெறுபவர் இன்னொரு பள்ளியின் நான்காம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பொருள் வரியில் என்ன போடலாம் என்று ஆசிரியர் கேட்கிறார். 'வணக்கம்' என்கிறது ஒரு குரல். அவர்கள் பெட்டியில் ஏற்கெனவே பத்து வணக்கங்கள் இருந்தால் நம்முடையதை எப்படி அடையாளம் காண்பார்கள் என்று ஆசிரியர் திரும்பக் கேட்கிறார். 'எங்கள் பள்ளி' என்கிறது இன்னொரு குரல். 'எங்கள் பள்ளி மரத்தில் கூடு கட்டிய பறவை' என்று வேறொருவர் நீட்டுகிறார். முழுச் செய்தியையும் பொருள் வரியிலேயே கொட்டிவிட்டால் உள்ளே படிக்க என்ன இருக்கும் என்று அடுத்த விவாதம் எழுகிறது. பிறகு, பறவையைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதியதும், இதைப் படிப்பவர் நம்மை என்ன கேட்பார் என்ற கேள்வி. முட்டை எத்தனை என்று கேட்பார்கள். அதை இப்போதே சொல்லிவிடலாமா, அவர்கள் கேட்கட்டும் என்று விடலாமா? எட்டு வயதுக் குழந்தைகள் இந்தக் கேள்வியை வாதாடித் தீர்க்கும்போது, அனுபவமுள்ள எழுத்தாளர் தனிமையில் செய்யும் வேலையைச் சத்தமாகச் செய்கிறார்கள். தட்டச்சைச் செய்பவர் ஆசிரியர் என்பதால் விசைப்பலகைச் சுமையும் இல்லை.

இணை வகுப்பைத் தேடுவது இன்று அரிதான காரியம் அல்ல. நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைத்த முயற்சியாக 1988-இல் தொடங்கிய ஐஅர்ன், ஐரோப்பிய ஆணையம் 2005-இல் தொடங்கிய ஈட்வின்னிங் போன்ற அமைப்புகள் பள்ளிகளை இப்படி இணைத்து வருகின்றன. நேரடியாக அறிந்த இன்னோர் ஆசிரியரின் வகுப்பு அதைவிட எளிது. வரும் பதில்கள் ஒரே பெட்டிக்கு வருவதால் ஆசிரியர் முதலில் படித்துவிட்டுத்தான் வகுப்பில் காட்டுவார். மாணவரின் முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், முகம் தெரியும் படம் எதுவும் போகக் கூடாது என்ற விதியை முதல் நாளே மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிட வேண்டும். அதைக் கற்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதியே.

இந்த வழியின் விலையை மறைக்கக் கூடாது. முப்பது மாணவர் தனித்தனியே எழுதினால், போகும் முப்பதையும் வரும் முப்பதையும் ஆசிரியர் படிக்க வேண்டும். ஆகவே இருவருக்கு ஓர் அஞ்சல், அல்லது வாரம் ஒரு குழு என்று சுழற்சி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. இரண்டு வகுப்புகளின் எண்ணிக்கையும் விடுமுறைகளும் ஒத்துப்போகாமல் சில குழந்தைகளுக்கு மட்டும் பதில் வராமல் போகலாம். எழுதிவிட்டு ஏமாந்த குழந்தை அடுத்த முறை மனம் வைத்து எழுதாது; எனவே இதைச் சிறிய குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆசிரியர் அனுப்பும் முன் திருத்தித் திருத்திக் குழந்தையின் குரலையே அழித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. பொருள் மாறிப்போகும் பிழையைத் திருத்தலாம். விழுந்த கதையைச் சொல்லும் இடத்தில் 'முழங்கையில் அடி' என்று நிற்கும் இரண்டு சொல் வாக்கியத்தைப் பயனிலை இல்லை என்று சிவப்பு மையால் வெட்டுவது தவறு.

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம், பதின்மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் தகவலை இணையச் சேவைகள் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் அந்த வயதைப் பதினாறு என வைத்து, உறுப்பு நாடுகள் பதின்மூன்று வரை குறைத்துக்கொள்ள இடம் தருகின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினெட்டு நிறையாத எல்லோரும் குழந்தைகளே. எந்தச் சட்டப்படி பார்த்தாலும் தொடக்கப் பள்ளி மாணவர் எல்லைக்கு உள்ளேயே வருகிறார். பள்ளிகளுக்கான சேவைகளில் வெளி முகவரிகளை அடைத்து, பள்ளிக்குள் மட்டும் அஞ்சல் போக வரச் செய்யும் ஏற்பாடு உண்டு. அதை முறையாக அமைத்து, பெற்றோர் ஒப்புதலும் பெற்றிருந்தால் ஐந்தாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் முயன்று பார்க்கலாம். தாமே அனுப்புவதில் பொறுப்புணர்வு வளரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடவுச்சொல்லை மறப்பது, எல்லோருக்கும் பதில் போய்விடுவது, பள்ளி நேரத்துக்குப் பின் புண்படுத்தும் செய்திகள் பறப்பது போன்றவற்றைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அந்த ஆள் இல்லாத பள்ளி இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்த வழியாயினும் தீர்க்க வேண்டிய ஒன்று

உறவுமுறை என்றதும் எந்தத் தமிழில் எழுதுவது என்ற கேள்வி வந்து நிற்கும். 'எப்படி இருக்கே?' என்றா, 'எப்படி இருக்கிறாய்?' என்றா? பேசுவதுபோல் எழுது என்று சொல்லிவிட்டு, குழந்தை பேசுவதுபோலவே எழுதினால் மதிப்பெண்ணைக் குறைப்பது நேர்மையான செயல் ஆகாது. இங்கே நான் பரிந்துரைப்பது, வினைமுற்றுகள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், வாக்கியங்களின் நீளமும் ஓட்டமும் பேச்சைப் போல இருக்கட்டும் என்ற எளிய உடன்பாடு. 'அப்புறம் என்ன நடந்தது தெரியுமா?' என்று கேட்டுவிட்டுத் தொடரலாம். யாராவது சொன்னதை மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழிலேயே போடலாம். இன்னொரு நுட்பம் மரியாதை. நண்பனுக்கு எழுதினாலும் பாட்டிக்கு எழுதினாலும் அது உறவுமுறை மின்னஞ்சல்தான், ஆனால் அவனை 'நீ' என்று தொடங்கினால் 'வருகிறாயா' என்றும், பாட்டியை 'நீங்கள்' என்று தொடங்கினால் 'வருகிறீர்களா' என்றும் கடைசி வரை போக வேண்டும். தொடக்க வகுப்புகளில் ஒரே அஞ்சலுக்குள் இரண்டும் கலந்து வரும். வீட்டில் பாட்டியை 'நீ' என்றே அழைக்கும் குழந்தையைத் திருத்தவும் வேண்டாம்; தொடங்கிய வழியில் முடிக்கச் சொன்னால் போதும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகை பழகிய மாணவர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால், படிப்பவர் எவ்வளவு தடுமாறுகிறார் என்பதை அந்த அஞ்சலை வகுப்பில் சத்தமாக வாசிக்க வைத்தே உணர்த்தலாம். உணர்ச்சிக் குறிகளைத் தடை செய்ய வேண்டியதில்லை. ஒரு குறி வந்த இடத்தில் அந்த உணர்வைச் சொல்லும் வாக்கியமும் இருக்க வேண்டும் என்ற விதி நன்றாக வேலை செய்யும்.

தேர்வில் தாளில்தான் எழுத வேண்டும், பெறுநரும் கற்பனைதான் என்று கவலைப்படும் ஆசிரியர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. சில மாதங்கள் உண்மையான இணை மாணவருக்கு எழுதிய குழந்தை, தேர்வுத் தாளில் வரும் கற்பனை நண்பனின் இடத்தில் அந்த ஒருவரை நினைத்துக்கொண்டு எழுதும். கற்பனை நண்பனுக்கு மட்டுமே எழுதிப் பழகிய குழந்தைக்கு நினைத்துக்கொள்ள யாரும் இல்லை.

ஆகவே முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு என் பரிந்துரை இது. மூன்றாம் வகுப்பில் தாள் போதும். பக்கத்துப் பிரிவு வாசகராக இருக்கட்டும். நான்காம் வகுப்பில் ஒரே கணக்கைத் திறந்து, முதல் இரண்டு அஞ்சல்களை வகுப்பே சேர்ந்து எழுதட்டும். பிறகு இருவர் இருவராகத் தாளில் வரைவு எழுதி, திருத்தியதை மட்டும் தட்டச்சு செய்யட்டும். பள்ளியில் ஒரே ஒரு கணினி இருந்தாலும் இதைச் செய்யலாம். தனிக் கணக்கைப் பற்றி ஐந்தாம் வகுப்புக்கு முன் யோசிக்க வேண்டாம். முதல் அஞ்சல் புறப்படும் முன்பே இணை ஆசிரியரோடு பேசி, பதில் வரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பதில் வராவிட்டால் அன்றே எழுதுவதற்கு அங்குள்ள ஆசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும். பதில்கள் வந்த நாளில் புதிய பாடம் எதையும் தொடங்காமல், அவற்றில் உள்ள கேள்விகளை மாணவர்களையே அடிக்கோடிடச் சொல்லுங்கள். அடுத்த அஞ்சலின் முதல் வாக்கியம் அந்தக் கோட்டுக்கு மேலிருந்து தொடங்கட்டும்.